கதையில் வரும் கல்லும் வகுப்பில் வரும் கேள்வியும்: அனுபவப் பகிர்வு

களுவாஞ்சிக்குடி ரீச்சர்

படத்திலயும் கேமிலயும் வாற கற்பனைக் கனியங்களைப் பற்றிப் பிள்ளைகள் உங்களிட்ட கேட்டிருக்காங்களா? கேட்டபோது என்ன நடந்தது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்கள் உங்கட அனுபவத்தை இதில எழுதுங்க. முதல்ல நானே தொடங்குறன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறன். பாறையும் கனியமும் பாடம் வந்தால் பிள்ளைகள் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிப் போடுவாங்க: இயற்கையாக உருவான, அசேதனமான, திண்மமான, குறித்த இரசாயன அமைப்பும் ஒழுங்கான பளிங்குக் கட்டமைப்பும் உள்ள பதார்த்தம். ஒரே மூச்சில சொல்லுவாங்க. அதில ஒரு சொல்லைப் பிடிச்சு, இது ஏன் தேவை எண்டு கேட்டால் வகுப்பே அடங்கிடும். குவாட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா எல்லாம் ஏற்கெனவே கனியம் எண்டு புத்தகத்தில இருக்கு. பிள்ளை யோசிக்கத் தேவையில்ல.

அப்படி ஒரு பாடத்தில ஒரு மகன் எழும்பி, “ரீச்சர், சுப்பர்மேனைச் சாகடிக்கிற கிரிப்டனைட் கனியமா?” எண்டு கேட்டான். வகுப்பு சிரிச்சுது. எனக்கு அந்தக் கேள்வி நல்லாப் பிடிச்சிட்டு. போட்டில ஐந்து நிபந்தனையையும் எழுதி, “நீங்களே சொல்லுங்க” எண்டு விட்டன். திண்மமா? ஓம். அசேதனமா? ஓம். இயற்கையா? கிரிப்டன் எண்ட கோள் வெடிச்சு வந்த துண்டுதானே, ஆரும் செய்யல்ல, அதால ஓம். அமைப்பு என்ன? அங்க நிண்டுட்டு. கடைசி வாங்கில இருந்த ஒரு மகள், “கிரிப்டன் எண்டு ஆவர்த்தன அட்டவணையில ஒரு வாயு இருக்கே, அணுவெண் 36. அது விழுமிய வாயு, மற்றதோட லேசில சேராதே, பிறகெப்படிக் கல்லாகும்?” எண்டாள். பாடமாக்கின வகுப்பில இந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்ல.

அதுக்குப் பிறகு நான் ஜடரைட் கதையைச் சொன்னன். 2006 இல வந்த சுப்பர்மேன் படத்தில, அருங்காட்சியகத்தில இருந்து களவெடுக்கிற கிரிப்டனைட் பெட்டியில ஒரு லேபல் ஒட்டியிருக்கும்: சோடியம் இலிதியம் போரன் சிலிக்கேற்று ஐதரொட்சைட்டு, புளோரீனுடன். படத்துக்கு எண்டு எழுதின வரி. ஆனா 2004 லயே சேர்பியாவில ஜடார் எண்ட இடத்தில நிலத்தைத் துளைச்சு எடுத்த மாதிரிகளில ஒரு புதுக் கல் கிடைச்சிருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில இருந்த கனியவியலாளர் கிறிஸ் ஸ்ரான்லி அதின்ட அமைப்பை அறிஞ்சு, முந்தி ஆரும் இப்படி ஒண்டைப் பதிஞ்சிருக்காங்களா எண்டு இணையத்தில தேடினார். வந்து நிண்டது படத்து லேபல். புளோரீன் ஒண்டுதான் வித்தியாசம். 2007 இல செய்தி உலகமெல்லாம் போச்சு. கிரிப்டன் இல்லாத கல்லுக்குக் கிரிப்டனைட் எண்டு பெயர் வைக்க ஏலாது, அதால பிறந்த இடத்தின்ட பெயரே கிடைச்சுது.

பிள்ளைகள் அடுத்த நிமிசம் கேட்டது, “பச்சையா ரீச்சர்?” இல்ல, வெள்ளை. கதிர்வீச்சும் இல்ல. புறவூதா ஒளி பட்டால் இளஞ்சிவப்புக் கலந்த தோடம்பழ நிறத்தில ஒளிரும். ஆனா அதில இலிதியம் இருக்கு. கையில இருக்கிற போன் பற்றரிக்குள்ள இருக்கிற அதே இலிதியம்.

அதோட நான் ஒரு வேலை குடுத்தன். குழுக்குழுவாக இருந்து ஒரு கனியத்தைக் கற்பனை பண்ணுங்க. பெயரைக் கடைசியில வைக்கலாம். முதல்ல என்னென்ன மூலகம் சேர்ந்தது, தீப்பாறையிலயா அடையற்பாறையிலயா உருமாறிய பாறையிலயா பிறந்தது, எதைக் கீறும், எதால கீறுப்படும், ஓட்டில தேய்ச்சால் என்ன நிறத்தில கோடு விழும், எவ்வளவு பாரம், பக்கத்தில வேற என்ன கல் இருக்கும் எண்டு சொல்லுங்க. மற்றக் குழு கேள்வி கேக்கும். பதில் இல்லாட்டிக் கல்லும் இல்ல.

ஒரு குழு மட்டக்களப்பு வாவியின்ட பாடுமீன் கதையை எடுத்தது. கல்லடிப் பாலத்துக்குக் கீழ வாவியடியில ஒரு பளிங்கு இருக்காம், பௌர்ணமியில பாடுறது மீனில்லையாம், அந்தப் பளிங்காம். பளிங்கு எப்படிப் பாடும் எண்டு மற்றக் குழு மடக்கிச்சுது. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில வைச்சன். இதுக்குள்ள ஒரு சின்னக் குவாட்ஸ் துண்டு இருக்கு; குவாட்ஸை அமுக்கினால் மின் உண்டாகும், மின்னைக் குடுத்தால் அது அதிரும்; 1880 இல பியர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடிச்சது; இந்தத் துண்டு செக்கனுக்கு 32,768 தரம் அதிருது எண்டு சொன்னன். உடனே ஒருத்தி, “மனுசக் காதுக்கு 20,000 மட்டும்தானே கேக்கும்? இது பாடினாலும் நமக்குக் கேளாதே” எண்டாள். பாடுமீன் குழு கொஞ்ச நேரம் குசுகுசுத்துப் போட்டு, “எங்கட பளிங்கு பெரிசு. பெரிசானால் அதிர்வு குறையும்” எண்டு பதில் சொல்லிச்சுது. சரியான பதில்.

அடுத்த கேள்வி, வாவிச் சேத்துக்குள்ள அவ்வளவு பெரிய பளிங்கு எப்படி வளர்ந்தது? வாவியடி எண்டால் ஆறுகள் கொண்டு வந்து போட்ட மண்ணும் சேறும். அதில வளராது. கல்லைக் கீழ இறக்கினாங்க, சேத்துக்கும் கீழ இருக்கிற பழைய பாறைக்குள்ள. அங்க பெக்மற்றைட் எண்ட நரம்பு ஓடலாம். பாறைக்குழம்பு கடைசியாக உறையிற இடத்தில நீர் கூடுதலாக இருக்கிறதால பளிங்குகள் ஆளளவுக்கும் வளரும் எண்டு நான் எடுத்துக் குடுத்தன். அமுக்கிறது ஆர்? பௌர்ணமிக்கு வற்றுப்பெருக்குக் கூடுதுதானே, அந்தத் தண்ணிப் பாரம் எண்டாங்க. எங்கட கரையில வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அது காணுமா காணாதா எண்டு மணி அடிச்ச பிறகும் சண்டை.

புத்தகத்தில இருக்கிற கல்லைப் பாடமாக்கலாம். இல்லாத கல்லை ஒருத்தராலயும் பாடமாக்க ஏலாது. அதை உருவாக்கித்தான் ஆகவேணும், உருவாக்கக்குள்ளதான் கனியம் எண்டால் என்ன எண்டு விளங்குது. இதுதான் என்ட அனுபவம். உங்கட அனுபவத்தையும் எழுதுங்க.


அக்கரைப்பற்று வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கல் குவாரியில மெசின் ஓட்டுறன். படிப்பு ஓ.எல் மட்டும். மகன் எட்டாம் ஆண்டு. போனைக் குடுத்தால் மைன்கிராஃப்ட்தான். ஒரு நாள் ராவு சோறு திண்டுக்கு இருக்கக்குள்ள, “வாப்பா, உங்கட குவாரியில ஒப்சிடியன் இருக்கா?” என்டு கேட்டான். கேமில எரிமலைக் குழம்பில தண்ணி பட்டால் ஒப்சிடியன் ஆகுமாம், வைரப் பிக்காசு மாதிரி ஒன்டு இல்லாமல் அதை வெட்டியெடுக்க ஏலாதாம்.

நான் அந்தப் பேரையே அப்பதான் கேட்டன். இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்த்தம். ஒப்சிடியன் கற்பனை இல்ல, உண்மையான கல். எரிமலைக் குழம்பு கெதியா ஆறினால் பளிங்கு வளர நேரம் இல்லாமல் கண்ணாடியா உறையுது. உள்ளுக்கு ஒழுங்கான கட்டமைப்பு இல்லாததால அது கனியம் இல்லையாம். ரீச்சர் எழுதின அஞ்சு நிபந்தனையைப் பார்த்த உடனே இதுதான் ஞாபகம் வந்தது. வைரம் வேணும் என்டதும் சும்மா கதை. ஒப்சிடியன் கண்ணாடி மாதிரித்தான், சுத்தியலால தட்டினால் சில்லுச் சில்லா உடையும். எங்கட நாட்டில எரிமலை இல்லாததால குவாரியில அது கிடைக்காது.

“அப்ப உங்கட குவாரியில என்ன இருக்கு?” என்டான். இவ்வளவு காலம் உடைச்ச கல்லை நான் ஒழுங்காப் பார்த்ததே அந்தக் கிழமைதான். நைஸ் என்டு செல்ற கல். மருதமுனைச் சாரனில கோடு போன மாதிரி கறுப்பும் வெள்ளையுமா வரி வரியாப் போகும். ஒரு துண்டைச் சாரத்தில சுத்திக் கொண்டு வந்து குடுத்தன். முத்தத்து வெயிலில வெச்சு வெச்சுப் பார்த்தான். கறுப்பு வரிக்குள்ள மினுங்கினதை நகத்தால கிண்ட, செதிள் செதிளா மைக்கா கழண்டு வந்தது. வெள்ளையில மீன் வெட்டுற கத்தியால கீறினான், கத்திதான் தேஞ்சது. கண்ணாடி மாதிரி மங்கலா இருந்த துண்டை எடுத்துப் பழைய போத்தலில இழுத்தான், போத்தலில கோடு விழுந்தது. அதுதான் குவாட்ஸ் என்டு அவனே சென்னான். உம்மா சத்தம் போட்டா, கத்திய நாசமாக்கிறீங்க என்டு.

கேமில ஊதாக் கல்லு வாற குகை ஒன்டும் இருக்கு. வெளியில கறுப்புக் கல், நடுவில வெள்ளைக் கல்சைற், உள்ளுக்கு அமெதிஸ்ட். அது உண்மைக்குக் கிட்ட என்டு வாசிச்சன். எரிமலைப் பாறையில காத்துக் குமிழி இருந்த ஓட்டைக்குள்ள கனியம் கரைஞ்ச தண்ணி ஊறி ஊறிப் பளிங்கு வளருமாம். அமெதிஸ்டும் குவாட்ஸ்தானாம், கொஞ்சம் இரும்பு சேர்ந்து, பாறைக்குள்ள இருக்கிற கதிர்வீச்சும் பட்டு ஊதாவானது.

எனக்கு ஒரு கேள்வி. ரெட்ஸ்டோன் என்டு அந்தக் கேமில மின் கடத்துற செவப்புத் தூள் ஒன்டு இருக்கு. அது கற்பனை என்டு தெரியும். உண்மையில மின் கடத்துற கல் இருக்கா? மகன் ஒவ்வொரு நாளும் கேக்கிறான்.


செங்கலடி ஏ.எல்

இருக்கு அங்கிள். காரீயம், இங்கிலீசில கிராபைட். பென்சிலுக்குள்ள இருக்கிறது காரீயமும் களியும் கலந்தது. இரண்டு பக்கமும் சீவின பென்சிலை ஒரு பற்றரிக்கும் சின்ன எல்ஈடி பல்புக்கும் நடுவில வைச்சுப் பார்க்கச் சொல்லுங்க, எரியும். எங்கட நாட்டுக் காரீயம் நரம்பு நரம்பாகப் பாறைக்குள்ள கிடைக்கிறது, போகலையிலயும் ககட்டகஹவிலயும் சுரங்கம் இருக்கு. தனிச் செம்பும் இயற்கையில கிடைக்கும், அதுவும் கனியம்தான்.

என்ட அனுபவம் வேற மாதிரி. ஸ்டார் ட்ரெக் பார்க்கிறனான். அதில விண்கப்பல் ஓடுறது டைலிதியம் எண்ட கற்பனைப் பளிங்கால. இரசாயன சேரிட்ட கேட்டன். இரண்டு இலிதியம் அணு சேர்ந்த மூலக்கூறு உண்மையிலயே இருக்கு, ஆனா அது இலிதிய ஆவியில வாறது, பளிங்கில்ல எண்டார். பிறகு போட்டில ஆவர்த்தன அட்டவணையைக் காட்டி ஒரு விசயம் சொன்னார். கதை எழுதிறவர் புது மூலகம் எண்டு எழுதினால் அதுக்கு இடமில்ல. 1 இல இருந்து 118 வரைக்கும் ஒரு பெட்டியும் வெறுமையா இல்ல, 2016 இல கடைசி நாலுக்கும் பெயர் வைச்சாச்சு. அதுக்கு அங்கால இன்னும் ஒண்டும் உண்டாக்கப்படல்ல, உண்டாக்கினாலும் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள சிதைஞ்சிடும் எண்டுதான் கணிப்பு. புதுக் கனியம் எண்டு எழுதினால் ஆரும் மறுக்க ஏலாது. இருக்கிற மூலகங்கள் எந்த வெப்பத்தில எந்த அழுக்கத்தில எப்படிச் சேரும் எண்டதுக்கு முடிவே இல்ல, வருசா வருசம் புதுக் கனியங்கள் பதியப்படுது. அதுக்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் இது மூலகமா கனியமா எண்டுதான் முதல்ல பார்ப்பன்.


கல்முனை டியூசன் மாஸ்டர்

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் மாறி ஒன்று சொல்லப் போறேன், கோவிக்க வேண்டாம். பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு, நேரம் குறைவு. மீட்டல் பரீட்சையில, கனியங்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்துற மோவின் அளவிடையை எழுதச் சொன்னால், ஒரு பிள்ளை டல்க் 1 இல தொடங்கி வைரம் 10 வரைக்கும் சரியாக எழுதிட்டு, அதுக்கு மேல 11 வைப்ரேனியம் என்று எழுதியிருக்கு, பிளாக் பாந்தர் படத்தில வாற கற்பனை உலோகம். உண்மையும் கதையும் கலந்தால் புள்ளி போகும். அந்தப் பிள்ளையின்ட தாய் வந்து என்னிட்டத்தான் கேட்டாங்க. பத்துக் கனியத்தையும் ஒழுங்காகப் பாடமாக்க வைக்கிறதுதான் எனக்குச் சரியாகப் படுது. இதுக்கு என்ன சொல்றீங்க ரீச்சர்?


வாழைச்சேனை

ஒரு சின்ன விசயம். எங்கட துறைமுகத்தில மீனுக்குப் போடுற ஐஸ் கனியம் இல்ல, மழையோட விழுற ஆலங்கட்டி கனியம். இரண்டும் உறைஞ்ச தண்ணி, ஒரே கட்டமைப்பு. ஒண்டு ஐஸ் பெக்டரியில செய்தது, மற்றது இயற்கையாக வந்தது. தங்கச்சிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கக்குள்ள இதைச் சொன்னன், “இயற்கையான” எண்ட சொல்லை இப்ப மறக்க மாட்டாள். பாசிக்குடாப் பவளமும் நவரத்தினத்தில வாற முத்தும் உயிர்ப் பிராணி செய்தது எண்டு அவள் அடுத்த கேள்விக்குப் போயிட்டாள்.


மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

பச்சை நிறமும் கதிர்வீச்சும் உள்ள கல்லைத் தேடிக் கிரிப்டன் கோள் வரை போகத் தேவையில்லை. இரத்தினபுரிப் பக்கம் எஹலியகொடையில் 1953 ஆம் ஆண்டு எப். எல். டி. ஏக்கநாயக்க என்ற இரத்தினக்கல் வல்லுநர் இரத்தினக் கல் பரலிலிருந்து ஒரு பச்சைக் கல்லை எடுத்தார். அதில் தோரியம் என்ற கதிர்வீசும் மூலகம் இருக்கிறது. 1961 இல் அது புதுக் கனியமென்று உறுதியாகி, ஏக்கனைட் என்று அவருடைய பெயரையே பெற்றது. பச்சை, ஒளி ஊடுருவும், கதிர் வீசும். கிரிப்டனைட்டுக்குச் சொன்ன இலட்சணமெல்லாம் பொருந்தி வருகிறது. கதையில் அந்தக் கல் முதன்முதல் வந்தது 1943 இல், ஒரு வானொலித் தொடரில். பத்து வருடத்துக்குப் பிறகு நமது மண்ணில் அதன் அண்ணன் கிடைத்திருக்கிறது.

இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். கலை வரலாற்றில்தான் உலகம் அவரை அறியும். அதற்கு முன் இலங்கையின் கனியவள ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கிக் காடு மேடெல்லாம் நடந்தவர். 1904 இல் அவர் மூலமாக உலகுக்குத் தெரிய வந்தது தோரியனைட்: கறுப்புக் கனசதுரங்கள், நீரைவிட ஒன்பது மடங்குக்கு மேல் பாரம், கதிர்வீச்சுடையது. சிங்ஹலைட் என்று ஒன்றும் உண்டு. நெடுங்காலம் கபில நிறப் பெரிடொட் என்று விற்கப்பட்ட கல், 1952 இல் தனிக் கனியமென்று நிரூபணமானது.

பணியில் இருந்த காலத்தில் நான் உயர்தர வகுப்பில் செய்தது இதுதான். பெயர்களை மறைத்துவிட்டு, தோரியனைட், ஏக்கனைட், சிங்ஹலைட், கிரிப்டனைட் நான்கின் குணங்களை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். நிறம், பாரம், அமைப்பு, கிடைத்த சூழல். இதில் ஒன்று கதையிலிருந்து வந்தது, எது என்று கேட்பேன். பெரும்பாலான பிள்ளைகள் தோரியனைட்டைத்தான் கை காட்டுவார்கள். “சேர், சதுரப் பெட்டி மாதிரிக் கல் ஆற்றுப் பரலில் கிடக்குமா? ஒன்பது மடங்கு பாரமா?” என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் ஏன் அது கனசதுரமாகிறது என்று சொல்லத் தொடங்கினால், பளிங்குக் கட்டமைப்பு என்ற பாடம் முழுவதும் தானாக வந்து அமர்ந்துவிடும். அணுக்கள் உள்ளே அடுக்கப்பட்ட ஒழுங்குதானே வெளியே முகமாகத் தெரிகிறது. பாரத்துக்குக் காரணம் தோரிய அணு. பெயரை முதலில் சொல்லியிருந்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வந்திராது.

கல்முனை ஆசிரியரின் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளை 11 என்று எழுதியதை நான் சாதாரணமாக வெட்டிவிட்டுப் போக மாட்டேன். ரீச்சர் எழுதட்டும்.


திருக்கோவில்

நான் வந்தாறுமூலைக் கம்பஸில படிச்சவள், இப்ப ஊரில பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறன். அப்பா கரைவலைக்குப் போறவர். எங்கட வகுப்பில பேச்சு அவதார் படத்தில இருந்து தொடங்கிச்சுது. 2009 இல வந்த படம், பிள்ளைகள் ரிவியில பார்த்திருந்தாங்க. அதில மனுசர் வேற ஒரு உலகத்துக்குப் போய், ஒரு சாம்பல் நிறக் கல்லுக்காக அங்கத்த ஆக்களின்ட மரத்தையும் காட்டையும் அழிக்கிறாங்க. கிலோ 2 கோடி டொலர். சாதாரண வெப்பநிலையிலயே மீகடத்தியாக, எண்டால் தடையே இல்லாமல் மின் கடத்துறதாக, இருக்கிறதால காந்தப் புலத்தில மிதக்குமாம், அதால மலையே மிதக்குது. மிதக்கிற பகுதி வெறும் கற்பனை இல்ல. மீகடத்தி காந்தத்துக்கு மேல மிதக்கிறதை லாபில காட்டலாம். ஆனா கடுங்குளிர் வேணும். கொவலைட் எண்ட ஊதாநீலச் செப்புக் கனியம் இயற்கையாகவே மீகடத்தி, அதுக்குத் தனிப்பூச்சியத்துக்கு, குளிரின்ட கடைசி எல்லைக்கு, கிட்டக் குளிர வேணும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு தம்பி, “அக்கா, எங்கட கடற்கரையில கறுப்பு மண் இருக்கே, அதுக்கும் ஆக்கள் வந்தாங்கதானே?” எண்டு கேட்டான். நான் பாடத்தை அங்கயே நிப்பாட்டிப் போட்டு எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

மாரி முடிஞ்ச கையோட எங்கட கரையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அலை அடிச்சு ஓய்ஞ்ச இடத்தில கறுப்புப் பட்டி நீளத்துக்குக் கிடக்கும், ஓரத்தில கருஞ்சிவப்பு இழையோடும். ஆளுக்கொரு சிரட்டை குடுத்தன். ஒரு பிடி மண்ணைப் போட்டு, கடல் தண்ணி அள்ளி, மெல்லச் சுழட்டிச் சுழட்டி ஊத்தச் சொன்னன். வெள்ளை மண் தண்ணியோட போகப் போக அடியில கறுப்பு மிஞ்சிச்சுது. அலை செய்யிற வேலையும் இதுதான். குவாட்ஸ் தண்ணியைவிட 2.65 மடங்கு பாரம், இல்மனைட் எண்ட கறுப்புக் கனியம் கிட்டத்தட்ட 4.7 மடங்கு. லேசானதை அலை இழுத்துக்கொண்டு போகும், பாரமானது கரையில தங்கும். பழைய ஸ்பீக்கரில கழட்டின காந்தத்தைப் பொலித்தீன் பையில போட்டுக் கறுப்புத் தூளுக்கு மேல பிடிச்சம். மக்னரைட் மணிகள் பாய்ஞ்சு ஒட்டிச்சுது. மிச்சக் கறுப்பு அசையவே மனமில்லாமல் கிடந்தது, அதில பெரும்பங்கு இல்மனைட். சிவப்பு கார்னெட். காய வைச்சு வெயிலில பிடிக்க, நடுவில கண்ணாடித் துகள் மாதிரி மினுங்கினது சேர்க்கன். எல்லாம் உள்ளுக்கு இருக்கிற நைஸ் பாறை உக்கி, ஆத்தோட வந்து சேர்ந்தது. அக்கரைப்பற்று அண்ணன் குவாரியில உடைக்கிற கல் வகைதான்.

இந்தக் கறுப்பு மண்ணில இருந்து எடுக்கிற தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெள்ளை வெளேரெண்டு இருக்கும். சுவருக்கு அடிக்கிற பெயின்டின்ட வெண்மை அதுதான். பிள்ளைகள் இதை நம்ப மறுத்தாங்க.

அந்தத் தம்பி விடயில்ல. “படத்தில கல்லுக்கு வந்தவங்க அந்த ஆக்களிட்டக் கேக்கல்ல. எங்களிட்டக் கேட்டவங்களா?” எண்டான். எங்கட ஊரில மண் எடுக்கிற பேச்சு வந்தபோது சனம் ரோட்டில இறங்கினது அவனுக்குத் தெரியும், அவன்ட அம்மாவும் நிண்டவ. மணல் மேட்டை வெட்டினால் கிணத்துக்குள்ள உப்புத் தண்ணி வரும், கரைவலை இழுக்க இடம் இருக்காது எண்டது எங்கட பயம். 2004 சுனாமியில இந்தக் கரை பட்ட பாட்டைப் பார்த்தவங்களுக்கு மணல் மேடு எண்டால் என்ன எண்டு சொல்லித் தரத் தேவையில்ல. இதில நான் நடுவில நிண்டு பேச மாட்டன், நான் ஊர்ப் பக்கம். ஆனா அந்தப் பின்னேரம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் எழுதச் சொன்னன்: இந்த மண் உலகத்துக்கு எதுக்குத் தேவை, இது இங்க இருக்கிறது எங்களுக்கு எதுக்குத் தேவை. அவங்க எழுதினதில சிரட்டையும் இருந்துது, தைத்தேனியமும் இருந்துது, கிணறும் இருந்துது. படத்தைப் பற்றிப் பேசாமல் இல்மனைட்டின்ட சூத்திரத்தில தொடங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டம்.


செங்கலடி ஏ.எல்

ஓய்வுபெற்ற சேருக்கு ஒரு கேள்வி. ஏக்கனைட்டைப் பற்றி வாசிச்சன். உள்ளுக்கு இருக்கிற தோரியத்தின்ட கதிர்வீச்சே அதின்ட பளிங்குக் கட்டமைப்பை உடைச்சுப் போட்டுதாம், இப்ப அது கிட்டத்தட்டக் கண்ணாடி. அப்படியெண்டால் ஒப்சிடியன் கனியம் இல்லாதபோது ஏக்கனைட் எப்படிக் கனியம்?


மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

மிக நல்ல கேள்வி, மகன். ஒப்சிடியன் ஒரு நாளும் பளிங்காக இருந்ததில்லை. ஏக்கனைட் பளிங்காகப் பிறந்து, கோடிக்கணக்கான வருடங்களாகத் தன் கதிராலேயே சிதைந்தது. பிறக்கும்போது ஒழுங்கு இருந்ததால் கனியமென்றே ஏற்றுக்கொள்கிறார்கள். இயற்கையில் சொட்டுச் சொட்டாகக் கிடைக்கும் இரசமும் திரவமாயிருந்தும் பட்டியலில் இருக்கிறது. வரைவிலக்கணம் நாம் போட்ட வேலி. வேலிக்கு மேல் நிற்கும் கல்லைப் பிடித்துக் கேட்டால்தான் அதை ஏன் அங்கே போட்டோம் என்பது பிடிபடும்.


களுவாஞ்சிக்குடி ரீச்சர்

கல்முனை மாஸ்டருக்கு. கோவம் ஒண்டும் இல்ல, உங்கட இடத்தில பெற்றார் வந்து நிண்டால் எனக்கும் அதே கவலைதான் வரும். பரீட்சையில பத்துத்தான் எழுத வேணும், அதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிப் போடுவம். ஆனா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “11 எண்டு ஏன் போட்டாய்?” எண்டு கேட்டுப் பாருங்க. வைப்ரேனியம் வைரத்தைக் கீறும் எண்டு நினைச்சுத்தான் போட்டிருக்கும். அதுதானே மோவின் முழு யோசனை. 1812 இல பிரெடரிக் மோ செய்தது அவ்வளவுதான்: எது எதைக் கீறும் எண்டு பார்த்து வரிசைப்படுத்தினார். அது வரிசை, அளவு இல்ல. 9 இல இருக்கிற குருந்தக் கல்லுக்கும் 10 இல இருக்கிற வைரத்துக்கும் நடுவில உண்மையான கடினத்தில ஏறக்குறைய நாலு மடங்கு இடைவெளி. 9 உம் 10 உம் பக்கத்துப் பக்கத்து வீடெண்டு நினைக்கிற பிள்ளையைவிட, 11 ஐ எங்க வைக்கிற எண்டு யோசிச்ச பிள்ளைக்கு அளவிடை விளங்கியிருக்கு. அதோட, கதையில வைப்ரேனியத்தின்ட விசேடம் அதிர்வை உறிஞ்சிறது, கீறுறது இல்ல. கடினம் வேற, உறுதி வேற எண்டு காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வைரம் எதையும் கீறும், சுத்தியலால ஒழுங்கான திசையில அடிச்சால் பிளந்திடும்.

நேரம் குறைவு எண்டது உண்மை. நான் இந்த வேலையைப் பாடம் முடிஞ்ச பிறகு ஒரு இரட்டைப் பாடவேளைக்குள்ள முடிக்கிறன். அதுக்கு மேல எடுக்கிறதில்ல.


கல்முனை டியூசன் மாஸ்டர்

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன் ரீச்சர். நீங்கள் சொன்னதைத்தான் சொல்லிச்சு, வைரத்தை வெட்டுறதால மேல வைத்தேன் என்று. ஒரு குழு வேலை வைத்துப் பார்க்கிறேன். ஆனால் மீட்டல் முடிஞ்ச பிறகுதான்.


அக்கரைப்பற்று வாப்பா

பென்சில் பரிசோதனை செய்தம், பல்பு மங்கலா எரிஞ்சது. முதல்ல ஒரு பற்றரியில எரியல்ல, பற்றரியைக் கூட்டின பிறகுதான் எரிஞ்சது. மகன் இப்ப ஒரு கனியம் உருவாக்கிறான், பேர் வைக்கல்ல, முதல்ல அமைப்பு என்டு செல்லிட்டன். ரீச்சர், ஓட்டில தேய்க்கிற என்டு எழுதியிருந்தீங்களே, அந்த ஓடு எங்க வாங்கிற? கூரை ஓடு காணுமா?


களுவாஞ்சிக்குடி ரீச்சர்

கூரை ஓடு சிவப்பு, கோட்டு நிறம் தெரியாது. வாங்கத் தேவையில்ல. ஹார்ட்வெயார் கடையில உடைஞ்ச வெள்ளை பாத்ரூம் டைல் துண்டு சும்மா தருவாங்க. மினுக்கம் இல்லாத பின்பக்கத்தைக் கழுவிக் காய வைச்சு அதில தேயுங்க. ஹெமரைட் எண்ட இரும்புக் கல்லுக்குச் செங்கபிலக் கோடு விழும், மக்னரைட்டுக்குக் கறுப்பு. குவாரியில கார்னெட் அகப்பட்டால் அதைத் தேய்க்க வேணாம், அது டைலைவிடக் கடினம், டைல்தான் கீறுப்படும். மகனின்ட கனியம் முடிஞ்சதும் அமைப்பையும் பிறந்த இடத்தையும் இதில போடச் சொல்லுங்க. எங்கட வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேக்க ஆயத்தமா இருக்காங்க.